மலைப்பள்ளியில் தோட்டம்: மண் பார்ப்பதிலிருந்து விதை எடுப்பது வரை

பள்ளித் தோட்டம் பற்றி வரும் கையேடுகள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்து எழுதியவை. ஜூன் மாதம் கத்தரி, வெண்டை போடுங்கள், வேலியோரம் முருங்கை வையுங்கள் என்று சொல்லும். ஊட்டியில் ஜூன் மாதம் வெண்டை விதைத்தால் அது முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும். நீலகிரிக்குக் கணக்கே வேறு. மழை வேறு, மண் வேறு, வேலி தாண்டி வருகிறவர்களும் வேறு. முக்கியமாக, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வேறு.

கேரட் அறுவடைக்கும் கொழுந்து பறிக்கவும் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு விவசாயம் என்றால் என்ன என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. களைக்கொத்தை எப்படிப் பிடிப்பது என்று நாலாம் வகுப்புப் பிள்ளை நமக்குச் சொல்லும். ஆனால் அவர்களுக்கு வயலில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது நின்று பார்க்கும் நேரம். விளைச்சல் போய்விடுமே என்ற பயம் இல்லாமல் ஒரு புழுவை மூன்று வாரம் வைத்துப் பார்க்க வயலில் யார் விடுவார்கள்? பள்ளித் தோட்டத்தை அதற்காகத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நோக்கத்தில் எழுதியவை. கிலோ கணக்கில் காய் எடுக்க நினைக்கும் பள்ளிக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

முதலில் பெற்றோர்

விதை வாங்குவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளி என்றால் இது கட்டாயம். "நாங்க கொழுந்து பறிக்கிறது போதாதா டீச்சர், புள்ளையும் மண்ணைக் கிண்டணுமா?" என்று ஓர் அம்மா கேட்டால் அதில் தப்பே இல்லை. தான் படும் பாட்டைத் தன் பிள்ளை படக்கூடாது என்றுதான் அவர் பள்ளிக்கு அனுப்புகிறார். அவரிடம் போய் உழைப்பின் பெருமையைப் பிரசங்கம் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளைதான், அதுவும் அறிவியல் அல்லது கணக்குப் பாடத்தின் பகுதியாக. குடம் சுமப்பது, பெரிய மண்வெட்டி வேலை எதுவும் பிள்ளைகளுக்குக் கிடையாது. தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்ப மாட்டோம். இந்த மூன்றையும் வாக்காகக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். வீட்டுப்பாடம் எழுதாதவனைக் களை பிடுங்க அனுப்பிய அன்றோடு அந்தத் தோட்டத்தின் கதை முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. மண்வேலை என்றதும் எப்போதும் அதே நாலு பிள்ளைகளைக் கூப்பிடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளைகள் அந்த நாலு பேர் என்பதைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். பெயர்ப் பட்டியல் போட்டு, எல்லா வேலையும் எல்லோருக்கும் முறை வைத்து வரவேண்டும். எரு அள்ளுவதும் அதில் சேர்த்தி.

தலைமையாசிரியர் "இதுக்கு உத்தரவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது என்று சொல்லலாம். பல பள்ளிகளில் தேசிய பசுமைப் படை மன்றம் ஏற்கெனவே பெயரளவில் இருக்கும். அதையே தட்டி எழுப்பினால் போதும்.

நாள்காட்டி: மழையும் பரீட்சையும்

நீலகிரிக்குள்ளேயே இரண்டு மழைக்காலம். கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு மேற்கே உள்ள ஊர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஊறும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. உயரமும் வேறு வேறு. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. அதனால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் உருளைக்கிழங்கு போடும் பெரியவர் ஒருவரைப் பள்ளிக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று அவர் வருடத்தைப் பிரித்துச் சொல்வதைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதட்டும். தோட்டத்தின் முதல் பாடம் அதுதான்.

பள்ளிக்கும் தனியாக ஒரு போகம் இருக்கிறது. ஜூனில் திறந்து, செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. விடுமுறைக்குள் அறுவடை முடிகிற மாதிரி விதைக்க வேண்டும். ஊட்டிப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். ஜூனிலும் ஜூலையிலும் அடை மழை, கலெக்டர் விடுமுறை அறிவிப்புகளும் வரும். அந்த நேரத்தில் வெளியே விதைக்க வேண்டாம். வகுப்பறைக்குள் பீன்ஸ் முளைக்கவைப்பது, மழை அளப்பது, மண் பார்ப்பது போதும். ஆகஸ்ட் முதல் வாரம் கேரட், பீட்ரூட் விதைத்தால் 100 நாளுக்கு மேல் ஓடி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் கைக்கு வரும். அதே வாரம் முள்ளங்கி போட்டால் காலாண்டு விடுமுறைக்கு முன்பே பிடுங்கலாம். சின்ன வகுப்புகளுக்கு முள்ளங்கிதான் சரி. கேரட்டுக்காக நாலு மாதம் காத்திருக்கச் சொன்னால் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும். பனி குறைந்த பிறகு, பிப்ரவரியில் பீன்ஸும் கீரையும் விதைத்தால் ஏப்ரலில் முடியும். ஆனால் அந்த மாதங்களில் மழை இருக்காது. தண்ணீருக்கு வழி இல்லாத பள்ளி அந்தப் போகத்தை விட்டுவிடுவது நல்லது. கோத்தகிரி, குன்னூர்ப் பள்ளிகள் ஜூனிலேயே விதைக்கத் தொடங்கலாம்.

இடம், வேலி, வருகிறவர்கள்

பெரிய இடம் வேண்டாம். மூன்றடி அகலம், எட்டடி நீளத்தில் நான்கு பாத்தி இருந்தால் முப்பது பிள்ளைகளுக்குப் போதும். பாத்தியை மிதிக்காமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நடுப்பகுதி வரை எட்ட முடிகிற அகலம் அது. மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். பெரிய கற்பூர (யூகலிப்டஸ்) மரத்துக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் அடியில் வேண்டாம்.

பள்ளிக் கட்டடத்துக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது முக்கியம். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கு வாசனைக்கு வரும். குரங்குகள் பகலிலேயே வரும். காட்டெருமை வந்தால் மூங்கில் வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளித் தோட்டத்தில் இவற்றோடு போட்டி போடக்கூடாது. உருளைக்கிழங்கை ஒரு சாக்கில் மண் நிரப்பி வராந்தா ஓரம் வளர்க்கலாம். மற்றதில் கொஞ்சம் போனால் போகட்டும். யார் வந்தது, எந்தக் காலடி, எதைத் தின்றது, எதை விட்டது என்று மறுநாள் காலையில் பார்த்து எழுதுவது நல்ல பாடம். விலங்கு உள்ளே நிற்கும்போது யாரும் வெளியே போகக்கூடாது, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இந்த விதியை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

கரடி விஷயம் தனி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெயும் பருப்பும் தேடிச் சத்துணவுக் கூடங்களின் கதவை உடைத்த சம்பவங்கள் பலருக்கும் தெரியும். அதனால் உரக்குழியில் சோறு, சாம்பார், எண்ணெய் பட்ட எதையும் போடக்கூடாது. காய்த்தோல், இலை, முட்டை ஓடு மட்டும் போடுங்கள். குழிக்குக் கனமான மூடி வேண்டும்.

சரிவில் இருக்கும் பள்ளி என்றால், பாத்தி போடுவதற்கு முன் ஒரு கணக்குப் பாடம் நடத்திவிடலாம். ஒரே நீளத்தில் இரண்டு குச்சிகளை உச்சியில் கட்டி, காலை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இதை இரண்டு கல்லின் மேல் நிறுத்தி, கயிறு குறுக்குக் குச்சியில் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே உள்ள புள்ளிதான் மட்டம். இனி இந்தச் சட்டத்தைச் சரிவின் குறுக்கே ஒவ்வோர் அடியாக நடத்திப் போனால், கயிறு நடுப்புள்ளியில் விழும் இடமெல்லாம் ஒரே உயரம். அந்தக் கோட்டின் மேல் பாத்தி போட்டால் மண் ஓடாது. இதைக் கட்டுவதற்கு ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். நம் மலையில் கேரட் பாத்திகளை மேலிருந்து கீழாகப் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் சிவந்த தண்ணீர் ஓடையில் இறங்குவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஏன் அப்படி ஓடுகிறது என்று நாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை, சட்டத்தைப் பிடித்து நடந்த பிள்ளைக்கே புரியும்.

மண்

ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், சிட்டிகை சோப்புத் தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள். அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளக்கலாம். தோட்டத்து மண், தேயிலைக் காட்டு மண், சோலை ஓரத்து மண் என்று மூன்று பாட்டில் வரிசையாக இருந்தால் இன்னும் நல்லது. சோலை ஓரத்து மண்ணில் மேலே மிதக்கும் கருப்புக் குப்பையை ஒரு பிள்ளையாவது கவனிக்கும், அங்கிருந்து மக்கு பற்றிப் பேசத் தொடங்கலாம்.

நீலகிரி மண் பொதுவாக அமில மண். இதைக் காட்ட ஆய்வகம் தேவையில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் வேலியோரம் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா போதும். அமில மண்ணில் அலுமினியம் எளிதாகக் கரைந்து செடிக்குள் போகும், பூ நீலமாகும். மண்ணில் சுண்ணாம்பு கூடினால் அலுமினியம் கிடைக்காது, பூ இளஞ்சிவப்பாகும். ஒரே செடியிலிருந்து இரண்டு குச்சி வெட்டி இரண்டு தொட்டியில் நட்டு, ஒன்றில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து வையுங்கள். நிறம் மாற ஒரு பருவமாவது ஆகும், சில சமயம் அதற்கும் மேலே. ஐந்தாம் வகுப்பு தொடங்கிய சோதனையின் முடிவை அவர்கள் ஆறாம் வகுப்பில் பார்ப்பதில் தப்பில்லை. செடியை வாயில் வைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அது விஷம்.

பாத்தி மண்ணுக்கு எவ்வளவு சுண்ணாம்பு அல்லது டோலமைட் போடுவது என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். மண் மாதிரி எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, ஊட்டியில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போய்க் கேட்டால் நேரம் ஒதுக்கிச் சொல்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

உரத்துக்கு மக்கிய மாட்டெரு, இலை மக்கு போதும். ஊட்டிக் குளிரில் உரக்குழி மெதுவாகத்தான் வேலை செய்யும், சமவெளியில் இரண்டு மூன்று மாதத்தில் ஆவது இங்கே கூடுதலாக இழுக்கும். பொறுமை வேண்டும். சத்துணவில் பள்ளி நாள்களில் முட்டை இருப்பதால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கழுவிக் காயவைத்து, அம்மியிலோ கல்லிலோ நன்றாகப் பொடி செய்துதான் போட வேண்டும். முழு ஓடாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நான்கு பாத்தி, நான்கு வேலை

முதல் பாத்தி தின்பதற்கு. முள்ளங்கி, கேரட், பீட்ரூட், பட்டாணி. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது பாத்தி முட்டைக்கோஸ். மருந்து அடிக்கவே கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது பாட்டி பாத்தி. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவரிடம் "உங்க சின்ன வயசுல என்ன வெதச்சீங்க?" என்று கேட்டு வர வேண்டும். படுகர் வீடுகளில் ராகி, சாமை என்று பதில் வரும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் அங்கே லைன் வீட்டுக்குப் பின்னால் என்ன போட்டார்கள் என்ற கதை வரும். குறும்பர், பணியர், இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தக் கீரை எப்போது தின்னலாம் என்பது பல ஆசிரியர்களை விட நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளை சொல்லும்போது ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வரச் சொல்ல வேண்டாம். விதையோ கன்றோ வீட்டிலிருந்து வரட்டும், தின்பதற்கு முன் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

நான்காவது, சும்மா விடும் பாத்தி. ஒருமுறை கொத்திவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். என்ன முளைக்கிறது, எது யாரை நெருக்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. உண்ணிச்செடி முளைத்தால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பழம் தின்ற சின்னான் குருவி கொண்டுவந்து போட்டது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பெரிதாக விடாமல் பிடுங்கிவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி இந்தப் பாத்தியைப் பார்த்து "என்ன இது, களை எடுக்கலையா?" என்று கட்டாயம் கேட்பார். ஒரு பலகை எழுதி நட்டுவிட்டால் தொல்லை இல்லை.

இதோடு வேலியோரம் ஒரு மேரக்காய் (சௌசௌ). இது முளைப்பதைப் பார்க்க வேண்டிய ஒன்று. தனியாக விதை எடுத்துக் காயவைக்கும் பேச்சே இல்லை. முற்றிய காயை மூலையில் வைத்தால் உள்ளிருக்கும் விதை அங்கேயே முளைத்து, காயின் வாயைப் பிளந்துகொண்டு நாக்கு நீட்டும். காயோடு சேர்த்துச் சாய்த்து நட வேண்டும். அந்த வாய் திறந்த காயை வகுப்பு ஜன்னலில் வைத்துப் பாருங்கள், இடைவேளையில் அதைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும்.

ஒரு சமூக அறிவியல் வேலையும் இதில் சேரும். சாம்பாரில் இருக்கும் ஒவ்வொரு காயும் எங்கே பிறந்தது என்று உலக வரைபடத்தில் நூல் கட்டச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு தென் அமெரிக்கா, மேரக்காய் மெக்சிகோ பக்கம், முட்டைக்கோஸ் ஐரோப்பா. நம்முடைய பழைய பயிர் என்று நாம் நினைக்கும் ராகியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டிக்குக் கொண்டுவந்த இங்கிலீஷ் காய்கறிகள் இருநூறு வருடத்தில் மலையின் முகத்தையே மாற்றிவிட்டன. வரைபடத்தில் எந்த நூலும் போகாத செடி எது என்று கேட்டால் காட்டில் கிடைக்கும் தவுட்டுப்பழமும் குறிஞ்சியும் பேச்சுக்கு வரும்.

வாரம் ஒரு பாடவேளை: எதைப் பார்ப்பது

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு. தேதி, வானம், ஒரு படம், ஒரு கேள்வி. அவ்வளவுதான். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கட்டாயம் வேண்டும். மழையில் நனையாமல் குறிப்பேடுகளை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முட்டைக்கோஸ் பாத்திக்கு வருவோம். நட்ட ஒரு மாதத்துக்குள் இலைகளில் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் தெரியும். அடிப்பக்கம் சுரண்டித் தின்று, மேல் தோலை மட்டும் விட்டுவைத்திருக்கும். இலையைத் திருப்பினால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பச்சைப் புழு. விரலால் மெல்லத் தொட்டால் பின்பக்கமாக வேகமாக நெளிந்து, இலை விளிம்பிலிருந்து ஒரு நூலை விட்டுத் தொங்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே நூலில் மேலே ஏறும். இது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இந்த ஊர் முட்டைக்கோஸ் விவசாயிகள் எல்லோருக்கும் இதன் மேல் கோபம் உண்டு. "எங்க தோட்டத்துல இதைப் பார்த்தா அப்பா அன்னிக்கே மருந்தடிச்சுடுவாரு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரி, இங்கே அடிக்காமல் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

பத்துப் புழுக்களை இலையோடு எடுத்து, வாய்க்குத் துணி கட்டிய பாட்டில்களில் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை புது இலை. சில நாளில் புழு தன்னைச் சுற்றி வெள்ளை வலை பின்னி அதற்குள் கூட்டுப்புழுவாகும். வலை மெலிதாக இருப்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். குளிர் காலத்தில் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் அந்துப்பூச்சி வெளியே வந்து இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகில் வரிசையாக வெளிர் நிற வைரங்கள் தெரியும். பெயருக்குக் காரணம் அதுதான்.

அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். ஒன்றிரண்டு வலைகளுக்குள் புழுவுக்குப் பதிலாக வேறு ஒரு கூடு இருக்கும். அதிலிருந்து அந்துப்பூச்சி வராது, மெல்லிய இடுப்போடு ஒரு சின்னக் குளவி வரும். அதன் தாய் உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. மலைப்பகுதி முட்டைக்கோஸ் விவசாயிகளுக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் டயடெக்மா என்ற குளவி இந்த வேலையைத்தான் செய்கிறது. பாட்டிலைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் புழுவுக்காக வருத்தப்படுவார்கள், சிலர் குளவிக்குக் கைதட்டுவார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மருந்து அடித்தால் இந்தக் குளவி என்னவாகும் என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அதனால் வீட்டில் சண்டை வராதபடி, அப்பா மருந்தடிப்பது பிழைப்புக்காக என்பதையும் வகுப்பிலேயே பேசிவிட வேண்டும். கடனும் மார்க்கெட் விலையும் அவர் தலைக்கு மேல் நிற்கின்றன, நம் பாத்திக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்தது மழை. நேரான சுவர் உள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் அளந்து கொட்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளிக் கூரையை அளந்து பெருக்கினால் எத்தனை லிட்டர் வீணாகப் போகிறது என்று தெரிந்துவிடும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், ஒரு சின்டெக்ஸ் தொட்டி நிரம்பும். ஒரு மாதம் இப்படி அளந்த பிறகு, 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று சொல்லுங்கள். தன் குப்பியில் இரண்டு சென்டிமீட்டர் பார்த்து "பெரிய மழை" என்று எழுதிய பிள்ளை அந்த உயரத்தைச் சுவரில் கை வைத்து அளந்து பார்க்கும், இடுப்பைத் தாண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரடி கயிற்றுச் சதுரத்துக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து என்ன அசைகிறது என்று எண்ணுவது. ஒரு மண்வெட்டி மண்ணில் எத்தனை மண்புழு என்று மழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது. பூசணியிலும் மேரக்காயிலும் ஆண் பூ, பெண் பூ பிரித்துப் பார்த்து, தேனீ எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கவனிப்பது. உருளைக்கிழங்குச் சாக்கைக் கொட்டும்போது வேரில் குண்டூசித் தலை அளவு மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அப்படி இருந்தால் அது உருளைக்கிழங்கை வாட்டும் நூற்புழு. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்னும் போகவில்லை. அந்த மண்ணை வேறு பாத்தியில் கலக்காதீர்கள்.

பனி

மலைக்கு வெளியே யாருக்கும் கிடைக்காத பாடம் இது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றைப் புல்லோடு ஒட்டி வையுங்கள், இன்னொன்றைப் பிள்ளைகளின் தோள் உயரத்தில் கட்டுங்கள். மேகம் இல்லாத, காற்று அடங்கிய இரவுக்கு அடுத்த காலையில் சீக்கிரம் வரும் பிள்ளையோ காவலாளியோ இரண்டையும் பார்த்து எழுதட்டும். மேலே மூன்று நாலு டிகிரி காட்டும்போதே கீழே பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளத்தாக்கில் இருக்கும் பள்ளி மைதானம் வெள்ளையாகவும் மேட்டில் இருக்கும் வீடு பச்சையாகவும் கிடக்கிறது.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற புதர்ச் செடிகளால் பூச்செடிகளுக்குக் கூரை போட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தோட்டத்தில் ஒரு வரிசையை அப்படி மூடி, ஒரு வரிசையை மூடாமல் விடுங்கள். பீன்ஸ், உருளை இலைகள் கருகும், கேரட் தாங்கும். மூடியதற்கும் மூடாததற்கும் வித்தியாசத்தைப் படமாக வரையட்டும்.

பாதுகாப்பு

சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வெட்டுக்காயத்துக்கு முதலுதவிப் பெட்டி, மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் அட்டைக்கு உப்பு. காஞ்சொறியை எல்லோருக்கும் முதல் நாளே அடையாளம் காட்டிவிடுங்கள். சாலையோரம் மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, ஆரஞ்சுப் பூ ஊமத்தைக்கு உறவு, முழுச் செடியும் விஷம். பள்ளி வளாகத்தில் இருந்தால் எடுத்துவிடுவது நல்லது. பச்சை படிந்த உருளைக்கிழங்கைச் சமையலுக்குத் தரக்கூடாது.

அறுவடையும் விதையும்

நான்கு பாத்தியில் வருவது சத்துணவு சாம்பாருக்கு ஒரு நாளுக்குக் கூட முழுசாகப் போதாது. அதனால் என்ன? அமைப்பாளர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, அன்றைக்குத் தட்டில் விழும் கேரட் துண்டு நம் பாத்தியில் விளைந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும். எடை போட்டு எழுதுவது கணக்கு வகுப்புக்கு உதவும்.

எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். வரிசைக்கு இரண்டு கேரட், இரண்டு முள்ளங்கியை விட்டுவையுங்கள். முள்ளங்கி சீக்கிரமே பூத்துக் காய் விடும், அந்தக் காயையும் தின்னலாம். கேரட்டுக்குக் குளிர் பட வேண்டும், பட்ட பிறகு உயரமாகத் தண்டு விட்டு வெள்ளைக் குடையாகப் பூக்கும். வயலில் கேரட் பூத்தால் அது நஷ்டம் என்று பிடுங்கிவிடுவார்கள், அதனால் கேரட் விளையும் ஊரிலேயே கேரட் பூவைப் பார்க்காத பிள்ளைகள் நிறைய. அந்தக் குடையில் வந்து உட்காரும் ஈக்களையும் குளவிகளையும் எண்ணினால் ஒரு பாடவேளை போய்விடும். கடையில் வாங்கியது கலப்பின விதை என்றால் எடுத்த விதை அதே மாதிரி விளையாது. ஊட்டி 1 போன்ற ரகமாக இருந்தால் விதை எடுக்கலாம், தோட்டக்கலைத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல், மே விடுமுறையில் தோட்டத்தைக் காப்பாற்ற யாரையும் கெஞ்ச வேண்டாம். காய்ந்த இலையைப் பாத்தி மேல் தடிமனாகப் பரப்பி மூடிவிட்டுப் போங்கள். ஜூனில் திறக்கும்போது மண் ஈரமாக, மண்புழுவோடு இருக்கும். போன வருடம் முட்டைக்கோஸ் இருந்த பாத்தியில் இந்த வருடம் பட்டாணி அல்லது பீன்ஸ், கேரட் இருந்த இடத்தில் முட்டைக்கோஸ், பாட்டி பாத்தி இருந்த இடத்தில் கேரட் என்று மாற்றுங்கள். சும்மா விட்ட பாத்தியை மட்டும் மாற்ற வேண்டாம். இரண்டாம் வருடம் அதில் முதல் வருடத்தில் இல்லாத செடிகள் வரும், போன வருடக் குறிப்பேட்டை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அதனால் குறிப்பேடுகளைப் பிள்ளைகளோடு வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.